மிளகாய்ப்பழ வண்டியின் மூன்று வெள்ளிக்கிழமைகள்

எங்கள் ஓலப்பாறைப் பிரிவில் வண்டிகளுக்கு நகை போடுவோம். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைபாஸிலிருந்து ஊருக்குள் திரும்புகிற முக்கால் மைல் சாலையில் ஒரு பக்கம் பழைய கார் விற்கிற கொட்டகைகள், மறுபக்கம் பட்டறை, டிங்கர் கடை, பெயிண்ட் கடை, என்னுடைய பஞ்சர் கடை, சாலை முடிகிற இடத்தில் வேலி போட்ட ஒரு பெரிய மைதானம். வெள்ளிக்கிழமைதோறும் பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த மைதானத்துக்கு வருவார், வயசான வண்டிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக ஓட்டச் சொல்லிப் பார்ப்பார், தேறினால் இன்னும் அஞ்சு வருஷம் ஓடலாம் என்று எழுதிக் கொடுப்பார். அதைத்தான் வண்டி காட்டுவது என்போம். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சங்கிலியையும் எதிர்வீட்டுத் தோட்டையும் இரவல் வாங்கிப் பெண்ணுக்குப் போட்டு உட்கார வைப்பதில்லையா, அப்படித்தான் காட்டுகிற அன்றைக்கு ஒருத்தர் டயர் கொடுப்பார், ஒருத்தர் முன்விளக்கு கொடுப்பார், ஒருத்தர் ஹாரன் கொடுப்பார், மொட்டை டயரும் குருட்டு விளக்குமாக வந்த வண்டி புதுப்பெண் போல மைதானத்துக்குள் போய் நூறடி ஓடி நின்று காட்டிவிட்டு வெளியே வரும், வந்த உடனே அவரவர் நகையை அவரவர் கழட்டிக்கொண்டு போவோம்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. நகையைக் கழட்டுகிறவன், வண்டியை எடுத்துக்கொண்டு போகிற ஆளின் முகத்தைப் பார்த்து, "கழட்டியாச்சு, பாத்துப் போ" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பாவம் நம்முடையது இல்லை. அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

தவமணி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஈரோட்டுப் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை, பொம்பளைப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சந்தை நாளிலும் நெரிசலில் ஓட்டச் சொல்லித் தருகிறவள், அதனால் குரலில் ஒரு அதட்டல் இருந்தது. நேராகச் செங்கோட்டுவேலின் கொட்டகைக்குப் போனாள். எங்கள் சாலையிலேயே பெரிய கொட்டகை அவனுடையது. அங்கே மூலையில் அந்த ரெண்டு கதவு வண்டி நின்றது, பந்தயத்துக்கு என்று வெளிநாட்டில் செய்தது, நன்றாகப் பழுத்துக் காயப்போட்ட மிளகாய்ப்பழ நிறம், உட்காருவதென்றால் குழிக்குள் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். இருபத்தேழு வயசு வண்டி. பதினஞ்சாம் வருஷம் ஒரு தடவை, இருபதாம் வருஷம் ஒரு தடவை, இருபத்தஞ்சாம் வருஷம் ஒரு தடவை, ஆக மூன்று தடவை எங்கள் மைதானத்தில் காட்டித் தேறிய வண்டி.

அவள் விலை கேட்கவில்லை. மூன்று தடவையும் காட்டினபோது வண்டி எப்படி இருந்தது, என்னென்ன பார்த்தார்கள், என்ன எழுதினார்கள், அந்தக் காகிதங்களைக் கொடு என்றாள். செங்கோட்டுவேல் சிரித்தான். காகிதமெல்லாம் மழையில் போச்சு என்றான், அப்புறம் கரையான் தின்றது என்றான், பழைய முதலாளியிடம் இருக்கிறது என்றான், கடைசியில் கோபம் வந்து, "வண்டி வேணும்னா வண்டியப் பாரு அம்மிணி, வண்டியோட ஜாதகத்தப் பாக்கறதுக்கு இதென்ன கல்யாணமா?" என்றான்.

அவள் அவனை விட்டுத் திரும்பினாள். வண்டியின் முன்மூடியில் கையை வைத்து, வண்டியிடம், "சரி, அவிய காட்ட மாட்டீங்கறாங்க. நீயே காட்டு" என்றாள். சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸில் போய்விட்டாள்.

அவள் யாரென்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், இந்த வண்டியை இருபதாம் வருஷம் காட்டின அன்று, காட்டி முடித்து இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய், மூணாவது கிலோமீட்டரில் வாய்க்கால் பாலத்து வளைவில் நிற்காமல் போய்ச் செத்தானே, மில்காரர் வீட்டு டிரைவர் பூபதி, அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி. பூபதி குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவன் சாகிறதுக்கு ஒரு வருஷம் முன்னால்தான் கருப்பணசாமி கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து, இனி தொட மாட்டேன் என்று அவனுடைய ஆத்தாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவன் குடித்ததாக எழுதவில்லை. தவமணி அதை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். ஆத்தா பாவாயம்மா, காகிதத்தை எப்படி வேணாலும் எழுதலாம், ஊர் வாய் எதுக்கு அப்படிச் சொல்லணும் என்று சொல்லிவிட்டார். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் என்று மகன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை, ஆடி அமாவாசைக்கு ஒரு உருண்டைச் சோறு வைக்கவில்லை. தவமணிக்கு வேண்டியது வண்டி இல்லை. தன் அண்ணன் அந்த வண்டியை என்ன நிலைமையில் கையில் வாங்கினான் என்பது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதலில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார், பூச்செடிக்கு வட்டமாகப் பாதி புதைத்து வைத்திருந்த பழைய டயர் ரெண்டைக் காணோம் என்றார், செடிகள் நின்ற இடத்தில் நின்றிருக்கின்றன, மண் வட்டமாக இருக்கிறது, டயர் இல்லை. அப்புறம் ஐஸ் விற்கிறவர் வந்தார், சைக்கிளில் கட்டியிருந்த ஹாரனைக் காணோம். டீக்கடை ராசாமணிக்குக் கோழிக் கூண்டில் தண்ணி வைக்கிற கிண்ணமாக இருந்த பழைய கார் விளக்குக் கண்ணாடி காணோம். பெயிண்ட் கடையில் கதவு காற்றில் அடித்து மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த இரும்புத் துண்டு காணோம். எல்லாரும் தேடிக்கொண்டே போய்ப் பார்த்தால், செங்கோட்டுவேலின் கொட்டகையில் மிளகாய்ப்பழ வண்டி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டப் போன அன்றைக்கு எப்படி நின்றதோ அப்படி நின்றது. பூச்செடி டயர் இரண்டும் புது ரப்பர் வாசத்தோடு அதன் பின்சக்கரத்தில் இருந்தன. கோழிக் கூண்டுக் கண்ணாடி ஒரு கீறல் இல்லாமல் முன்விளக்கில் இருந்தது. ஹாரனை அமுக்கிப் பார்த்தோம், ஐஸ் வண்டியின் சத்தமே வந்தது.

யாரும் பயப்படவில்லை, சொல்லப் போனால் அன்றைக்குக் கொஞ்சம் திருவிழா போலத்தான் இருந்தது. அது என் டயர், அன்றைக்கு நான்தான் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். விளக்கு தன்னுடையது என்று ராசாமணி புருஷன் சொன்னான். ஒவ்வொருத்தனும் தான் கொடுத்த நகையைத் தடவிப் பார்த்து, அந்தக் காலத்துச் சரக்கு அந்தக் காலத்துச் சரக்குதான் என்றான். ஐஸ்காரர் மட்டும் ஹாரனைக் கழட்டிக்கொண்டு போனார். கொண்டு போகையிலேயே அது கையில் துருப்பிடித்துப் பழசானது, மறுநாள் காலையில் சைக்கிளிலும் இல்லை, திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் அந்த வாரம் முழுக்க வாயாலேயே ஹாரன் அடித்து ஐஸ் விற்றார், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வாத்தியார் செடிக்குச் செங்கல் அடுக்கினார். ராசாமணி கோழிக்குத் தேங்காய்த் தொட்டியில் தண்ணி வைத்தாள்.

திங்கட்கிழமைக்கு மேல்தான் பெயிண்ட் கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இந்த வெள்ளி பதினஞ்சாம் வருஷக் காட்டல் என்றால், வருகிற வெள்ளி இருபதாம் வருஷக் காட்டல் இல்லையா என்றான். ஒருத்தர் ஒருத்தராக எழுந்து வேலை இருக்கிறது என்று போனார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தவமணி மறுபடி வந்தபோது, இவள் பூபதியின் தங்கச்சி என்பது பஸ் வருவதற்கு முன்னாலேயே சாலைக்கு வந்துவிட்டிருந்தது. ராசாமணி டீ இல்லை என்றாள். பாய்லர் பின்னால் கொதித்துக்கொண்டிருந்தது. மெஸ்ஸில் சோறு தீர்ந்துவிட்டது என்றார்கள், காலை பதினோரு மணிக்கு. வெயிலுக்கு ஒதுங்கினால் கடைக்காரன் அந்த இடத்தில் தண்ணி தெளித்தான். என் கடை வாசலில் ஒரு ஸ்டூல் எப்பவும் கிடக்கும், அதை நானே எடுத்து உள்ளே போட்டுக்கொண்டேன். அவள் எதையும் கேட்கவில்லை, கொட்டகைக்கு எதிரில் புங்கமரத்தடியில் கல்லின் மேல் உட்கார்ந்து, கொண்டு வந்த தண்ணியைக் குடித்துக்கொண்டு வண்டியையே பார்த்தாள்.

புதன்கிழமையும் அவள் வந்தாள். செங்கோட்டுவேல் அவளிடம் போய், இனாமாகவே எடுத்துக்கொண்டு போ, காகிதமெல்லாம் இன்றைக்கே உன் பேருக்கு மாற்றித் தருகிறேன், லாரியில் ஏற்றி உன் வாசலில் இறக்குகிறேன் என்றான்.

"இன்னும் ரெண்டு காட்டல் பாக்கலீங்களே" என்றாள் அவள். "வாங்கறதுக்கு முன்னாடி பாக்கோணுமில்ல."

அன்றைக்கே அவன் வண்டிக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டி, கொட்டகைக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான்.

இப்போது அந்த இருபதாம் வருஷக் காட்டலில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் செங்கோட்டுவேலுக்குக் கொட்டகை கிடையாது, வண்டிகளைக் காட்டிக் கொடுக்கிற புரோக்கர் அவன். பூபதி காலையில் வண்டியைக் கொண்டு வந்து விட்டான். பிரேக்கை மிதித்தால் கால் போய்க்கொண்டே இருந்தது. பிரேக் சிலிண்டர் ஒழுகுகிறது, புதுசு வேண்டுமென்றால் கப்பலில் வர வேண்டும். பால் வண்டிக்கார நாச்சிமுத்து, தன்னுடைய வேனில் போட்டிருந்த சிலிண்டரைக் கழட்டிக் கொடுத்தான், பட்டறையில் கடைந்து எப்படியோ புகுத்தினார்கள். டயர் நான்கும் நான் கொடுத்தேன். பூபதி மைதானத்து வெயிலில் காலையிலிருந்து வரிசையில் நின்றான். காட்டினான், தேறினான். வெளியே வந்ததும் நாச்சிமுத்து பால் கறவைக்கு நேரமாகிறது என்று தன் சிலிண்டரைக் கழட்டிக்கொண்டு ஒழுகுகிற பழசைத் திருப்பிப் போட்டான். வண்டியை ஒப்படைப்பவன் புரோக்கர்தானே, செங்கோட்டுவேல் சொல்லிவிடுவான் என்று போனான். கழட்டினவன்தானே சொல்ல வேண்டும், நாச்சிமுத்து சொல்லியிருப்பான் என்று செங்கோட்டுவேல் அடுத்த வண்டிக்குப் போனான். நான் என் டயர்களைக் கழட்டினேன். பிரேக்குக்காரன் சொல்லியிருப்பான், டயருக்கு வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா என்று சும்மா இருந்தேன். அந்நேரம் ராசாமணி கடையில் இருந்த பூபதி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, பிரேக் சரியாகிவிட்டது, காட்டலிலும் தேறிவிட்டது என்ற நம்பிக்கையில் ஏறி உட்கார்ந்தான். போய்வருகிறேன் என்று கை தூக்கினான். நானும் கை தூக்கினேன்.

சாயங்காலம் போலீஸ்காரர் என் கடை முன்னால் நின்று, ஆள் போகும்போது எப்படி இருந்தான் என்று கேட்டார். நான், "கண்ணு செவந்திருந்துச்சுங்க" என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னது. செங்கோட்டுவேலிடம் போகையில் அதில் நாற்றம் சேர்ந்தது. ராசாமணி கடையில் நடை தடுமாறியது. பெயிண்ட் கடையில் ஒரு குவார்ட்டர், பட்டறையில் ஒரு ஆஃப், மைதானத்துக் காவல்காரரிடம் போய்ச் சேரும்போது ஒரு முழு பாட்டிலைப் பூபதி குடித்து முடித்திருந்தான். மறுநாள் அவன் ஊருக்குப் பிணம் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே பேச்சு போய்ச் சேர்ந்தது. அப்புறம் அந்த நசுங்கின வண்டியைச் செங்கோட்டுவேலே வாங்கி, நிமிர்த்தி, இருபத்தஞ்சாம் வருஷமும் எங்களிடமே நகை வாங்கிப் போட்டுக் காட்டி, விற்று, அது நாலு கை மாறித் திரும்ப அவனிடமே வந்து நின்றது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நாச்சிமுத்து ஒரு புதுச் சிலிண்டர் வாங்கிப் போட்டிருக்கலாம். அந்தப் பழைய சிலிண்டர்தான் இன்னும் அவன் வேனில் இருந்தது. ஆனால் வாங்கினால் கடைக்காரன் எதுக்கு என்று கேட்பான், மாட்டுகிறவன் எதுக்கு என்று கேட்பான், நாலு பேர் எதுக்கு என்று கேட்டால் சாலை முழுக்கத் தெரிந்துபோகும், பெண்டாட்டிக்குக்கூட அவன் ஏழு வருஷமாக அதைச் சொன்னதில்லை. விடிவதற்குள் பாலை ஊற்றிவிட்டு வண்டியை வீட்டில் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டான். அன்றைக்கென்று சொசைட்டியில் வரிசை நீண்டுவிட்டது.

சூரியன் கிளம்புகிற நேரத்துக்கு மேட்டிலிருந்து எங்கள் சாலைக்கு இறங்கினான். காலி கேன்கள் பின்னால் குலுங்குகிற சத்தம் எங்களுக்கெல்லாம் பழக்கம், அது மேட்டடித் திருப்பத்தில் அவன் பிரேக் மிதிக்கையில் கொஞ்சம் அடங்கும், அன்றைக்கு அடங்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வேன் என் கடையைத் தாண்டியது, டீக்கடையைத் தாண்டியது, உள்ளே நாச்சிமுத்து காலை உதைத்து உதைத்து மிதிக்கிறது தெரிந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நேராகப் போய்ச் செங்கோட்டுவேலின் பூட்டின கதவில் முட்டியது. கதவு மல்லாந்து விழுந்தது. வேன் நின்றது. கேன் ஒன்று உருண்டு போய் மிளகாய்ப்பழ வண்டியின் அடியில் தட்டி நின்றது.

தார்ப்பாய் மடித்து ஓரமாக இருந்தது. வண்டி இருபதாம் வருஷக் காட்டல் கோலத்தில் நின்றது, என் டயர் நான்கையும் போட்டுக்கொண்டு. முன்மூடி திறந்திருந்தது. உள்ளே புத்தம் புதுசாக, பட்டறையில் கடைந்து புகுத்தின தழும்போடு, நாச்சிமுத்துவின் சிலிண்டர்.

அவனுக்கு அடி இல்லை. இறங்கி நின்றான், வலது காலை மட்டும் தரையில் ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தான். முதல் பஸ்ஸில் வந்து புங்கமரத்தடியில் இருந்த தவமணி சாலையைத் தாண்டி வந்தாள். அவன் அவளைப் பார்த்துச் சொன்னான்:

"சோத்துக்குள்ள கால் வெச்ச மாதிரி எறங்குச்சு அம்மிணி. அடி வரைக்கும் எறங்குச்சு. உங்கண்ணனுக்கும் இப்படித்தான் எறங்கியிருக்கும். கழட்டினது நான். சொல்லோணும். சொல்லல."

செங்கோட்டுவேல் ஓடி வந்து அவன் வாயைப் பொத்தப் பார்த்தான். அப்புறம் தவமணி பக்கம் திரும்பி, போலீசுக்குப் போகிறதென்றால் போ, சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவாய், இந்தக் காரையா என்று கேட்டான். கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள்.

"போலீசு வேண்டாம்" என்றாள். "எங்காத்தா வீடு இங்கிருந்து ஒரு மணி நேரம். வந்து அவங்ககிட்ட ஒரு வாய் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"ஒரு வாய் சொன்னா ஒம்பது வருசம் கேஸு நடக்கும். ஒருத்தனும் வர மாட்டான், போ" என்றான் செங்கோட்டுவேல்.

அவள் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வொருத்தனும் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்தான். கடைசியில் அவள், சரி, இப்ப வாங்கிக்கறேன் என்றாள். அன்றைக்கே வண்டியைத் தன் பேருக்கு எழுதி வாங்கினாள். வாங்கி, நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து புங்கமரத்தடியில் நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ற வண்டி. இங்கதான் நிக்கும்" என்றாள்.

எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடும். அடுத்த வெள்ளி இருபத்தஞ்சாம் வருஷக் காட்டல், அன்றைக்கு ஆம்புலன்ஸின் கண்ணாடியும் கோயில் ஜெனரேட்டரின் பெல்ட்டும் போயின. அதற்கடுத்த வெள்ளி மறுபடி பதினஞ்சு. அப்புறம் மறுபடி இருபது. புதுச் சாமான் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள், பழசு எந்தக் குப்பையில் கிடந்ததோ அங்கிருந்து அது போனது, மாட்டின புதுசும் அந்த வாரம் முழுக்க வேலை செய்யவில்லை. அதனால் காலண்டரில் குறித்துக்கொண்டார்கள். எந்த வண்டியில் பிரேக் போகுமோ என்று, இருபதாம் காட்டல் வெள்ளிக்கு மேல் ஏழு நாள் யாரும் வண்டி எடுப்பதில்லை என்று ஆனது. அந்த வாரத்தில் கல்யாணம் வைப்பதில்லை. பெண் எடுக்கிற இடத்தில், எங்க ஊரில் மூணு வாரத்துக்கு ஒரு வாரம் நடைதான், சம்மதமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். பாலைத் தலையில் சுமந்தார்கள். ஒரு கிழவரைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஏழு மைல், ஆள் மாற்றி ஆள் மாற்றி. தோள் வீங்கினது, கால் வீங்கினது, தவமணியைத் திட்டித் திட்டி நாக்கு வீங்கினது. அவள் வண்டியின் மேல் எச்சில் துப்பினார்கள், கல்லெறிந்தார்கள், அவள் செவ்வாய்தோறும் வந்து துடைத்துவிட்டுப் போனாள். இவ்வளவும் செய்தார்கள், பஸ் ஏறிப் போய் ஒரு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் யாராலும் முடியவில்லை.

நாச்சிமுத்துதான் போனான். ஒரு புதன்கிழமை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல். திரும்பி வந்தபோது ராசாமணி அவனுக்கும் டீ இல்லை என்றாள். அவன் பாலைச் சொசைட்டியில் தண்ணிப் பால் என்று திருப்பினார்கள். என்னிடம் வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான், உட்காரவில்லை. பாவாயம்மா எல்லாவற்றையும் கேட்டாராம். கேட்டுவிட்டு, "பிரேக் இல்லாதது நெசமாவே இருக்கட்டும். குடிச்சதும் நெசமா இருக்கலாமில்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு இருக்குதா? குடிச்சான்னு மொதல்ல சொன்ன வாய் எதுவோ அது வரட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

அன்று மாலைக்குள் அது சாலை முழுக்கத் தெரிந்தது. அந்த முதல் வாய் எது என்பது எல்லாருக்கும் எப்பவும் தெரியும். செங்கோட்டுவேல் என் கடைக்கு வந்தான். நீ போனால் நாளையிலிருந்து உன் கடைக்கு ஒரு சைக்கிள் ட்யூப்கூட வராது வையாபுரியண்ணா என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். வயசான காலத்தில் எதுக்கு உனக்கு என்றாள் ராசாமணி. என் சொந்த மகனும், உன் ஒருத்தன் மனசு ஆறுவதற்கு ஊர் முழுக்கக் குற்றவாளி ஆகணுமா என்று கேட்டான். நான் ஒட்டின ட்யூபையே மறுபடி தண்ணியில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

பாவாயம்மா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். யாரென்று கேட்டார். சொன்னேன். உரிப்பதை நிறுத்தவில்லை.

"கண்ணு செவந்திருந்துச்சுன்னு நாந்தான் சொன்னேனுங்க" என்றேன். "செவந்துதான் இருந்துச்சு. காலைல இருந்து வெயில்ல நின்னது. குடிக்கலீங்க. டீதான் குடிச்சாப்டி. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குச் சொன்ன?"

"என்ற டயரக் கழட்டினத யாரும் கேட்டுடக் கூடாதுன்னுங்க."

ஒரு மொச்சை கையிலிருந்து உருண்டு போனது. அவர் அதை எடுக்கவில்லை. "ஏழு வருசம்" என்றார். "தெனமும் வெளக்குப் பத்த வெக்கையில அவனத் திட்டித்தான் வெச்சேன். அவஞ் சோத்தக் காக்காய்க்குப் போடாம நாந்தின்னேன்."

நான் காலில் விழப் போனேன். முறத்தை என் பக்கம் தள்ளி, கிட்ட வராதே என்பது போல நிறுத்தினார். அப்புறம் மெதுவாக எழுந்து, முந்தானையை உதறி, தெருவுக்கு இறங்கினார். "வா" என்றார்.

அந்தத் தெருவில் நாற்பது வீடு. முதல் வீட்டு வாசலில் நின்று அவர் ஆளைக் கூப்பிட்டார். ஆள் வந்ததும் பாவாயம்மா என்னைப் பார்த்தார். சொன்னேன். "கேக்கல" என்றார். சத்தமாகச் சொன்னேன். அடுத்த வீட்டுக்கு நடந்தார். அங்கேயும் சொன்னேன். சிலர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான், அவன் கையைப் பாவாயம்மா எடுத்துவிட்டு, "இன்னும் சொல்லி முடிக்கல. முடிக்கட்டும்" என்றார். பத்தாவது வீட்டுக்குள் என் தொண்டை கம்மியது. யாரும் தண்ணி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தொன்பது வாசல்.

நாற்பதாவது வீடு பூட்டியிருந்தது. தறிக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம்தான் வருவார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

பாவாயம்மா அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார், தெருவைப் பார்த்தபடி. என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் வெயிலில் நின்றேன்.